வெளிமானும் வெள்ளாடும்

காட்டு விலங்குகளைக் காத்தல் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் வேலியையும் காவலரையும் சட்டத்தையும் குறித்தே பேசக் கேட்கிறோம். இவை வேண்டுவனவே. ஆயினும் வெளிமானைப் பொறுத்தமட்டில் இவற்றோடு ஒப்ப வேண்டப்படும் காவல் வேறொன்றும் உண்டு. அது ஆட்டுப்பட்டியில் தொடங்குவது. ஊர் மந்தையின் பிணியைத் தீர்ப்பது மானைக் காக்கும் வழிகளுள் முதன்மையானது என்பது நமது கருத்து. செந்துறைப் பக்கத்து ஊர்களில் வெள்ளாடும் செம்மறியும் வளர்த்து வாழும் குடும்பங்களிலிருந்து வரும் நம் மாணாக்கர்க்கு இப்பொருள் அயலானதன்று.

வெளிமான் என்பது நம் முன்னோர் புல்வாய் என்றும், அதன் ஆணை இரலை என்றும் வழங்கிய விலங்கேயாம். தமிழகத்தில் இன்று கோடிக்கரை, கிண்டி, வல்லநாடு, மோயாற்றுப் பள்ளத்தாக்கு முதலிய சில இடங்களிலேயே அது எஞ்சியுள்ளது. கோடிக்கரை 1967ஆம் ஆண்டில் சரணாலயமாயிற்று. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வெளிமானை முதல் அட்டவணையில் வைத்துள்ளது.

பெயரால் மானாயினும் அது புள்ளிமானின் நெருங்கிய சுற்றம் அன்று. புள்ளிமானின் கொம்பு கிளைவிடும். உதிர்ந்து மீண்டும் முளைக்கும். வெளிமானின் கொம்போ முறுக்கியது, கிளையற்றது, வாழ்நாள் முழுதும் உதிராதது. ஆடு மாடுகளின் கொம்பும் அத்தகையதே அன்றோ? இவ்வினத்தை மறிமான் என்பர். ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் திரளாய் வாழும் காட்டுமறிமான்களும் இக்குடும்பத்தினவே.

புறத்தோற்றம் காட்டும் இவ்வுறவை உயிரணுவினுள் உள்ள குரோமோசோம்களும் உறுதிப்படுத்துகின்றன. வெள்ளாட்டுக்கும் பசுவுக்கும் குரோமோசோம்கள் 60, செம்மறிக்கு 54. வெளிமானிலோ பெண்ணுக்கு 30 முதல் 32 வரையும், ஆணுக்கு 31 முதல் 33 வரையும் உள்ளன. பாதியாய்க் குறைந்திருப்பதைக் கண்டு உறவு அற்றதென்று எண்ணற்க. ஆட்டில் தனித்தனியே கிடக்கும் ஒற்றைக்கைக் கோல்கள் வெளிமானின் மரபில் இரண்டிரண்டாய் இணைந்து இருகைக் கோல்களாயின. கோல்களின் எண்ணிக்கை குறைந்ததேயன்றிக் கைகளின் எண்ணிக்கை பெரிதும் மாறவில்லை. ஓரினத்துக்குள்ளேயே இவ்வெண் வேறுபடுதலால், ஒரு திரளிலிருந்து மானைப் பிடித்து வேறொரு திரளில் விடுமுன் குரோமோசோம்களை ஆய்ந்து பார்த்தல் நன்று. டிக்-டிக் என்னும் சிறு ஆப்பிரிக்க மறிமானில், குரோமோசோம் அமைப்பு வேறுபட்டவற்றை விலங்குக் காட்சிசாலைகளில் அறியாது சேர்த்தபோது, பிறந்த ஆண் குட்டிகள் மலடாயின.

நிற்க. குருதியால் உறவுடையன நோயாலும் உறவுடையன. ஆட்டின் இரைப்பையில் ஒட்டிக் குருதி குடிக்கும் உருளைப்புழுவொன்று உண்டு. அதன் முட்டை புழுக்கையோடு வெளிவரும். ஈரத்தில் பொரித்த இளம்புழு புல்லின் நுனியில் ஏறி நிற்கும். அப்புல்லை மேயும் அடுத்த விலங்கின் வயிற்றில் அது குடிபுகும். அடுத்த விலங்கு ஆடாயினும் வெளிமானாயினும் அப்புழுவுக்கு வேற்றுமையில்லை.

வெளிமானின் ஒழுக்கமும் இதற்கு இடந்தருகிறது. வலிய ஆண்மான் ஒரு நிலத்தைத் தனதாக்கி, அதன்கண் புழுக்கையைக் குவித்து எல்லை குறித்து, அங்கேயே நின்று காவல் செய்யும். இவ்வாறு எல்லை காக்கும் கிராண்ட் மறிமான்களைக் கென்யாவில் ஆராய்ந்த வனெஸா எசென்வா முதலியோர் 2016இல் வெளியிட்ட முடிவு ஈண்டு நோக்கத்தக்கது. எல்லை காத்தலால் ஆணின் உடலில் புழுச்சுமை மிகுகிறது. மிகுந்த புழுக்கள் அக்காவற்றொழிலையே தளரச் செய்கின்றன. வீரத்தின் விலை குடலில் செலுத்தப்படுகிறது எனலாம். இத்தகைய விலங்கின் மேய்ச்சலில், மருந்தறியா மந்தையின் புழுக்களும் வந்து சேருமாயின் அதன் சுமை எத்துணையாகும்!

புழுவினும் கொடிய சான்று கொள்ளைநோயில் உண்டு. மாட்டு வெக்கை நோய் 1890களில் ஆப்பிரிக்காவில் பரவியபோது, மாடுகளோடு காட்டெருமைகளும் மறிமான்களும் கூட்டங்கூட்டமாய் மடிந்தன. பின்னர் செரங்கெட்டியைச் சுற்றியுள்ள மாடுகளுக்குத் தடுப்பூசி இடப்பட்டது. காட்டு விலங்கு ஒன்றுக்கேனும் ஊசி இடப்படவில்லை. எனினும் 1960களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 2,50,000ஆக இருந்த வைல்டபீஸ்ட் என்னும் மறிமான்கள் 1970களின் இறுதிக்குள் பத்து இலட்சத்தைக் கடந்தன. மாட்டைக் காத்தனர், மான் தானே பெருகிற்று. நம் நாட்டிலும் அந்நோய் 1995ஆம் ஆண்டோடு ஒழிந்தது. 2011இல் உலகெங்கும் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

ஆனால் அதன் இனமாகிய ஆட்டுக்கொல்லி நோய் இன்னும் ஒழியவில்லை. 2016ஆம் ஆண்டின் இறுதியில் அது மங்கோலியாவில் ஊர் மந்தைகளிலிருந்து சைகா என்னும் மறிமான்களிடம் பரவி ஆயிரக்கணக்கில் அவற்றை மாய்த்தது. கோடிக்கரை, கிண்டி போன்ற இடங்களில் வேறு போக்கிடமின்றி வாழும் சிறு திரள்களுக்கு இத்தகைய கேடு நேரின் விளைவு யாதாகும் என்பதை அன்பர்கள் சிந்திப்பாராக.

இதனைக் கேட்பார் சிலர், அங்ஙனமாயின் மேய்ப்பவரைத் துரத்துவதே வழி என்பர். அது நீதியுமன்று, பயனுமன்று. சரணாலயத்தினுள் மந்தை புகாதிருத்தல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவர்க்கு மேய்ச்சல் நிலம் வெளியே இல்லையேல் வேலி எத்துணை உயர்ந்ததாயினும் பசித்த ஆடு உள்ளே வரும். ஊர்ப் பொது மேய்ச்சலைச் சீமைக்கருவேலிடமிருந்து மீட்டுத் தருக. ஆட்டுக்கொல்லி நோய்க்கும் கோமாரிக்கும் உரிய தடுப்பூசி, அறுவடைக்குப்பின் ஊர்விட்டு ஊர் சென்று கிடை போடுவோரையும் தேடிச்சென்று இடப்படுக. குடற்புழு மருந்தைக் கணக்கின்றியும் அளவு குறைத்தும் கொடுப்பதால் மருந்துக்கு அஞ்சாத புழுக்கள் தோன்றியுள்ளன. ஆதலால் சாணத்தைச் சோதித்து, ஆட்டின் எடைக்கேற்ற அளவில் கொடுப்பதே முறை. செலவு மிகுமே என்பார்க்கு நமது விடை இது: இப்பணத்தால் ஏழையின் ஆடு முதலில் பிழைக்கும், மானைக் காத்தல் அதன்மேல் வரும் ஊதியமாகும்.

விலங்கியல் பயிலும் மாணாக்கர் இதில் கைகொடுத்தல் கூடும். உப்புக் கரைசலில் புழுக்கையைக் கரைத்து, மேலே மிதக்கும் முட்டைகளை நுண்பெருக்கியால் எண்ணுதல் ஒருநாளில் கற்கத்தக்க பயிற்சி. விடுமுறையில் ஊர் செல்வோர் தம் வீட்டு ஆடுகளில் இதனைச் செய்து, முடிவை அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தாரிடம் காட்டி மருந்து பெறுவாராக. வெளிமானைக் காண எல்லோரும் கோடிக்கரை செல்லல் இயலாது; அதன் உறவினரைப் பேணுதல் எல்லோர்க்கும் இயலும்.