பழைய வள்ளத்தின் விலை

எருத்துச் சோடி வாங்கப் போகும் எமது கமக்காரரை எவரும் இலகுவில் ஏமாற்றிவிட முடியாது. பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், குளம்பைத் தூக்கிப் பார்ப்பார், நடக்கவிட்டுப் பின்னால் நின்று பார்ப்பார். நுகத்தில் பூட்டி ஒரு சுற்று உழுது பார்க்காமல் மடியிலிருந்து காசை எடுக்கமாட்டார். அதே மனிதர் இடம்பெயர்ந்து கரையோரக் கிராமமொன்றில் குடியிருக்க நேர்ந்து, பிழைப்புக்கென ஒரு பழைய பைபர் வள்ளம் வாங்கப் போகும்போது, புதிதாகப் பூசிய நீல வர்ணத்தைக் கண்டு அச்சாரம் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார். அறிவில்லாமல் அல்ல. அவருடைய அறிவு மண்ணோடும் மாட்டோடும் வளர்ந்த அறிவு. கடல் அவருக்குப் புதிது.

வலிகாமம் வடக்கிலிருந்து 1990 ஆம் ஆண்டு வெளியேறியவர்களில் ஒரு பகுதியினரின் தோட்டக் காணிகள் 35 ஆண்டுகள் கடந்தும் விடுவிக்கப்படவில்லை. வெங்காயமும் புகையிலையும் செய்த குடும்பங்கள் சில, பரவைக்கடலில் நண்டும் இறாலும் பிடித்தாவது அடுப்பு எரியட்டும் என்று எண்ணுவது இயல்பே. ஆனால் அந்த வள்ளத்துக்குக் கொடுக்கும் பணம் எங்கிருந்து வருகிறது? மனைவியின் தாலிக்கொடி அடகு, நுண்கடன், அல்லது ஒரு தடவை மாத்திரம் கிடைக்கும் வாழ்வாதார உதவி. அது கரையில் உடைந்து கிடந்தால் அந்தக் குடும்பத்துக்கு இரண்டாவது தடவை கிடையாது.

இதைப் பிறருக்குப் புத்தி சொல்லும் எண்ணத்தில் எழுதவில்லை. நாமும் ஏமாந்திருக்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஆறு குடும்பங்கள் சேர்ந்த ஒரு குழுவுக்காக 18 அடி வள்ளமொன்றை வாங்கிக் கொடுத்தோம். விற்றவர் இனிமையாகப் பேசினார்; வள்ளமும் புதிதுபோல் மின்னியது. மூன்றாம் மாதத்தில் நான்கு பேர் தூக்கிய வள்ளத்தை ஏழு பேர் தூக்க வேண்டியதாயிற்று. பைபருக்குள் நீர் ஊறியிருந்தது. எஞ்சின் பூட்டும் பின்பலகை கையால் அசைத்தால் அசைந்தது. கோயில் ஆட்கள் பார்த்து வாங்கியது என்று நம்பி அந்தக் குடும்பங்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பிழை எமதே.

இன்று கைமாறும் பழைய வள்ளங்களில் கணிசமானவை 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் வந்தவை. அந்நாளில் நிவாரண நிறுவனங்கள் எண்ணிக்கையைக் காட்ட அவசரப்பட்டன. புதிதாக முளைத்த பட்டறைகளும் அவசரமாக வார்த்துக் கொடுத்தன. தரம் குறைந்தவை பல இருந்தன என்பது அப்போதே வெளிப்பட்ட விடயம். அவற்றுக்கு இப்போது இருபது வயது தாண்டிவிட்டது. ஆகவே வள்ளத்தின் வயதை மட்டும் கேட்பது போதாது. எந்தப் பட்டறையில், யாருக்காக வார்த்தது என்றும் கேட்க வேண்டும்.

வர்ணத்தைப் பார்க்காதீர்கள். பழைய வள்ளத்தில் மிக மலிவான பொருள் அதுதான். வள்ளத்தைக் கவிழ்த்து வைக்கச் சொல்லி, ஒரு நாணயத்தாலோ சிறு மரச் சுத்தியலாலோ அடிப்பகுதி முழுவதையும் சாண் சாணாகத் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். கண்ணாடி நார்ப் படைகள் ஒன்றைவிட்டு ஒன்று கழன்ற இடமும் நீர் ஊறிய இடமும் மண் நிரப்பிய குடத்தைத் தட்டியதுபோல் மந்தமாக ஒலிக்கும். அந்த இடங்களில் கரியால் வட்டம் போடுங்கள். விற்பவர் கோபித்தால் அதுவும் ஒரு விடைதான். அடியில் அம்மைக் கொப்புளம்போல் பொம்மியிருந்தால் மேற்பூச்சுக்குக் கீழே நீர் போயிருக்கிறது என்பது பொருள். பிறகு பின்பலகைக்கு வாருங்கள். பெரும்பாலான வள்ளங்களில் அது பைபருக்குள் பொதிந்த ஒட்டுப்பலகை. எஞ்சின் ஆணித் துளைகளால் நீர் இறங்கி, வெளியே ஒரு வெடிப்பும் தெரியாமல் உள்ளே உக்கிப் போகும். எஞ்சினைப் பூட்டி, அதன் கீழ்ப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். பலகை அசைந்தால் அதை மாற்றும் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கடைசியாக நிறை. பல வாரம் வெயிலில் காயவிட்டு விற்பவர்கள் உண்டு. ஆகையால் இரண்டொரு நாள் தண்ணீரில் கிடக்கவிட்டுத் தூக்கிப் பார்க்கக் கேளுங்கள்.

எஞ்சினைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை; தண்ணீர் இறைக்கும் இயந்திரம் வைத்திருந்தவர்களுக்கு அது ஓரளவு தெரிந்த விடயம். நீங்கள் போகுமுன் அதைச் சூடாக்கி வைக்க விடாதீர்கள், கியர் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் போயிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் பெரிய எஞ்சின் என்றால் பெரிய பெறுமதி என்று நினைப்பது தவறு. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே இரவில் ஏறியதை மறந்திருக்கமாட்டீர்கள். ஆழம் குறைந்த பரவைக்கடலில் தொழில் செய்பவருக்கு எரிபொருள் குடிக்கும் எஞ்சின் வரவல்ல, செலவு.

பத்திரமில்லாத வள்ளம் எவ்வளவு நல்லதாயினும் வாங்க வேண்டாம். கடற்றொழில் திணைக்களப் பதிவும் வள்ளத்தில் எழுதிய இலக்கமும் ஒன்றா என்று பார்த்து, பதிவை உங்கள் பெயருக்கு மாற்றிய பின்பே மிகுதிப் பணத்தைக் கொடுங்கள்.

இங்கிலாந்தின் பழைய கால்வாய்களில் ஏழடி அகலமே கொண்ட நீண்ட இரும்புப் படகுகள் உண்டு. ஒருகாலத்தில் நிலக்கரி ஏற்றியவை. இன்று பலர் அவற்றில் குடியிருக்கிறார்கள். அங்கே பழைய படகு வாங்குபவர் அதை நீரிலிருந்து தூக்குவித்து, தம் செலவில் ஒரு மதிப்பீட்டாளரைக் கொண்டு பார்ப்பிப்பது வழக்கம். அவர் உள்ளேயுள்ள மெத்தையையும் அலுமாரியையும் பெரிதாகக் கவனிப்பதில்லை. ஒலியலைக் கருவியால் அடித்தகட்டின் தடிப்பை இடத்துக்கிடம் அளக்கிறார். அது 4 மில்லிமீற்றருக்குக் குறைந்துவிட்டால் காப்புறுதி கொடுக்கப் பல நிறுவனங்கள் தயங்கும்; படகின் விலையும் விழுந்துவிடும். எமக்கு அந்தக் கருவி தேவையில்லை. பார்ப்பவருக்குக் கூலி கொடுப்பவர் வாங்குபவராக இருக்க வேண்டும் என்ற அந்த முறைதான் தேவை. எம்மிடத்திலோ பார்த்துச் சொல்பவர் தரகர். அவருக்குத் தரகு விற்பவரிடமிருந்தும் வருகிறது.

விலையை எப்படிக் கணிப்பது? புதியது என்ன விலை, இது அதில் பாதி என்று விற்பவர் கணக்குச் சொல்வார். அந்தக் கணக்கை விடுங்கள். கேட்கும் விலையோடு உடனே செய்ய வேண்டிய திருத்தச் செலவைக் கூட்டி, இன்னும் எத்தனை ஆண்டு ஓடும் என்பதால் பிரியுங்கள். பேச்சுக்கு ஒரு தொகை சொல்வோம்: மூன்று இலட்சம் விலை, ஒரு இலட்சம் திருத்தம், நான்கு ஆண்டு ஆயுள் என்றால் ஆண்டுக்கு ஒரு இலட்சம். ஐந்து இலட்சத்துக்குப் பத்து ஆண்டு ஓடும் வள்ளம் கிடைத்தால் ஆண்டுக்கு ஐம்பதாயிரம் மாத்திரமே. மலிவு எது என்பது தெரிகிறதல்லவா? கோபுரம் கட்ட எண்ணுபவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணிப்பான் என்று ஆண்டவர் சொன்னபோது, கையில் மிகுதியாக வைத்திருப்பவர்களுக்கு மட்டும் சொல்லவில்லை.

எமது கருத்து இதுதான். உதவி வழங்கும் நிறுவனங்களும், எம்மைப் போன்ற திருச்சபைப் பணியாளர்களும், வள்ளத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கை அதைப் பார்வையிடும் கூலியாக முன்கூட்டியே ஒதுக்க வேண்டும். கடற்றொழிலாளர் சங்கங்களில் பைபர் வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். மரவள்ளமானால் ஓடாவிமார் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு நாட்கூலிக்கு ஒரு குடும்பத்தின் ஐந்து வருடக் கடனைத் தவிர்த்துத் தருவார்கள். அத்தோடு, வள்ளம் வேண்டும் என்று கேட்டு வரும் கமக்காரரிடம், கடலில் உம்மோடு யார் வருவார் என்றும் கேட்டாக வேண்டும். வலை தெரிந்த கை இல்லாத வீட்டில் நல்ல வள்ளமும் பெறுமதியற்றதே. இதைச் சொன்னால் மனம் நோகும் என்று நாம் பல தடவை சொல்லாமல் விட்டிருக்கிறோம்.

சென்ற மாரிக்கு முன் ஒருவர் எம்மிடம் வந்து, தாம் பார்த்து வைத்த வள்ளத்தைப் பற்றிச் சொன்னார். பைபர் வேலை செய்யும் தம்பி ஒருவரை அவரோடு அனுப்பினோம். அரை மணி நேரம் தட்டியதில் கரி வட்டங்கள் பதினொன்று. அவர் வள்ளத்தை விட்டுவிட்டு, அந்தப் பணத்தில் ஒரு பங்கைக் கொண்டு ஆறு பரப்புக் காணியைக் குத்தகைக்கு எடுத்து வெங்காயம் நட்டார். அந்த வள்ளம் இன்னமும் அதே கரையில் கவிழ்ந்து கிடக்கிறது. நீலத்துக்கு மேல் இப்போது பச்சை வர்ணம் பூசியிருக்கிறார்கள்.