மலைக்கு எங்களையும் அனுப்புங்கள்

இன்பச் சுற்றுலா என்றதும் கொடைக்கானல், ஊட்டி என்றே பேச்சு. 1906-இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையின் நீரில் விளைந்த சோற்றை உண்ணும் நாம், அணைக்கு அப்பால் வாழும் காணி மக்களை எட்டிப் பார்த்ததுண்டா? காட்டுவழி நடந்து, அவர்கள் குடியிருப்பில் ஓர் இரவு தங்கி, மரச்சீனிக் கிழங்கு தின்று வந்தால் என்ன?

"பெண்பிள்ளைகளைக் காட்டுக்கு அனுப்புவதா?" என்பார்கள் பெற்றோர். அச்சம் வீண் அன்று. 2018 மார்ச் 11-இல் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ மூண்டு, மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர், பெண்கள் பலர். ஆனால் அது புல் காய்ந்த கோடை. நாங்கள் கேட்பதோ தை மாதம். வனத்துறையின் அனுமதியோடு, காணிக்காரர் ஒருவர் முன்னே நடக்க.

அவர்கள் வெறும் வழிகாட்டிகள் அல்லர். 1987-இல் அகத்தியமலைக் காட்டில் கேரள ஆய்வாளர்கள் நடந்து களைத்தபோது, உடன்வந்த காணி இளைஞர்கள் ஏதோ காயைத் தின்று சோர்வின்றி நடந்தனராம். அச்செடியே ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து 'ஜீவனி' மருந்து பிறந்தது. உரிமத் தொகையில் பாதி அம்மக்களுக்கென்று ஏற்பாடாயிற்று. கேளாமலே எடுத்துக்கொள்ளும் உலகில் இது அரிதன்றோ!

நாமும் தங்கும் வீட்டாருக்கு உரிய பணம் கொடுத்தே தங்கவேண்டும். மதர் அவர்கள் இசைந்தால், கொடைக்கானல் செலவில் பாதிகூட ஆகாது.