ஆப்ளிவியனும் அதோட ஓட்டைகளும்

கொஞ்ச நாளா ஆணி ஜாஸ்தி மக்களே. அதான் இந்தப் பக்கம் தலை காட்ட முடியல. போன வாரம் மூச்சு விட நேரம் கிடைச்சதும் நான் செஞ்ச முதல் காரியம், பொட்டியில 'ஆப்ளிவியன்' விளையாட்டைத் தூசு தட்டினதுதான். கேம் பிடிக்காதவங்களும் ஓடிடாதீங்க, கடைசியில உங்களுக்கும் ஒரு மேட்டர் இருக்கு :-)

எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசையில நாலாவது விளையாட்டு இது. பெதெஸ்டா 2006 மார்ச்ல வெளியிட்டாங்க. நான் ஆடினது பத்து வருஷம் கழிச்சு, காலேஜ் ஹாஸ்டல்ல. ரூம்மேட்டோட லேப்டாப்புல அடுத்த பாகமான 'ஸ்கைரிம்' ஓடாது, இது ஓடும். அவ்ளோதான் காரணம்.

ஆரம்பத்துல சிறையில கிடக்கறோம். பேரரசர் (குரல் பேட்ரிக் ஸ்டூவர்ட்) அந்த வழியா தப்பிச்சு வந்து, ஒரு தாயத்தை நம்ம கையில குடுத்துட்டு செத்துப் போறார். சாக்கடை வழியா வெளிய வந்தா கண்ணு முன்னாடி பெரிய ஏரி, அக்கரையில இடிஞ்ச வெள்ளைக்கல் மண்டபம். இனிமே எங்க வேணும்னாலும் போகலாம். நானும் தாயத்தைப் பையில போட்டுட்டு, உலகம் எக்கேடோ கெடட்டும்னு மண்டபத்துக்கு நீந்திட்டேன். அன்னைக்கு ராத்திரி தூக்கம் போச்சு.

இப்ப ஓட்டைக்கு வருவோம்.

இதுல நாம ஏழு முக்கியத் திறமைகளைத் தேர்ந்தெடுக்கணும். அதெல்லாம் சேர்ந்து பத்து புள்ளி ஏறினதும், படுத்துத் தூங்கினா ஒரு லெவல் ஏறும். ஐயா என்ன பண்ணேன்? ஓடறதையும் குதிக்கறதையும் முக்கியத் திறமையா எடுத்தேன். ஊர் ஊரா குதிச்சுக்கிட்டே போனேன். லெவல் எகிறுது, ஆனா கத்தி பிடிக்கத் தெரியாது. கொடுமை என்னன்னா, நம்ம லெவல் ஏற ஏற உலகத்துல இருக்கற எதிரிகளும் கூடவே ஏறுவாங்க. அதாவது நான் தூங்கித் தூங்கி பலவீனமாயிட்டே போனேன்!

இதோட உச்சக்கட்ட காமெடி வழிப்பறித் திருடன்தான். அரண்மனை விலை பெறக்கூடிய கண்ணாடிக் கவசத்தைப் போட்டுக்கிட்டு வந்து, நம்மகிட்ட நூறு காசு கேட்பான். அடேய், அந்த உடுப்பை வித்தா நீ செட்டில் ஆயிடலாமேடா!

எங்க வேணும்னாலும் போகலாம்கற சுதந்திரத்துக்காக எல்லா இடத்தையும் நம்ம அளவுக்கே தச்சுட்டாங்க. அதனால பயப்படற மாதிரி ஒரு காடும் இல்ல, ஜெயிச்சா பெருமைப்படற மாதிரி ஒரு குகையும் இல்ல. ஆட்டக்காரன் எங்கயும் முட்டிக்கக் கூடாதுங்கற பயத்துல வந்த தப்பு இது. இதை நான் மன்னிக்கவே மாட்டேன்.

ஆனா இன்னொரு வகை ஓட்டையும் இருக்கு. ஊர் ஜனங்க ஒவ்வொருத்தருக்கும் எழுந்திருக்க, சாப்பிட, கடை திறக்க, தூங்கன்னு தனித்தனி நேர அட்டவணை குடுத்தாங்க. 'ரேடியன்ட் ஏஐ'ன்னு பேரு. விளைவு? ரெண்டு பேர் தெருவுல நின்னு சேத்து நண்டைப் பத்தி சீரியஸாப் பேசிட்டு, சம்பந்தமே இல்லாம விடைபெறுவாங்க. சாப்பாடு கிடைக்காத ஒருத்தன் திருடப் போய் காவலாளிகிட்ட அடிபட்டுச் சாவான். பிச்சைக்காரர் கரகரன்னு பேசிட்டு, அடுத்த வரியில கனவான் குரலுக்கு மாறிடுவார். தொழில்நுட்பக் கண்ணோட பாத்தா அத்தனையும் பிழை. ஆனா பத்து வருஷம் கழிச்சும் நான் சிரிச்சுக்கிட்டே நினைச்சுப் பாக்கறது இவங்களைத்தான். கைக்கு எட்டாத கிளைக்குத் தாவினதுல வந்த தப்பு இது. முதல் தப்போட இதை ஒரே தராசுல வைக்க முடியாது.

2025 ஏப்ரல்ல இதைப் புதுப்பிச்சு வெளியிட்டாங்க. லெவல் ஏத்தற முறையை மாத்தி நல்லாவே சரி பண்ணிட்டாங்க. ஆனா டான்டில்வேங்கற பாத்திரத்துக்குக் குரல் குடுத்தவங்க நடுவுல தடுமாறி, இன்னொரு தடவை சொல்றேன்னு சொன்னது 2006ல தெரியாம பதிவாகியிருந்துச்சு. அதை அப்படியே விட்டு வெச்சுட்டாங்க! எதைத் திருத்தணும், எதைத் தொடக் கூடாதுன்னு யாருக்கோ புரிஞ்சிருக்கு.

இப்ப அந்த மேட்டர். போன மாசம் ஆபீஸ்ல நான் ஆசையா எழுதின ஒரு வசதியை, "எதுக்கு வம்பு, பிழை வந்தா யார் பதில் சொல்றது"ன்னு நானே வெட்டித் தள்ளினேன். ரிலீஸ் சுத்தமாப் போச்சு. ஒரு புகார் இல்ல. ஒருத்தர்கூட நல்லா இருக்குன்னும் சொல்லல. நானும் திருடனுக்குக் கண்ணாடிக் கவசம் மாட்டற கோஷ்டியில சேர்ந்துட்டேனோன்னு அன்னைக்குத்தான் உறைச்சுது.

வெட்டின கோட் இன்னும் பத்திரமா இருக்கு. திங்கக்கிழமை டமேஜர்கிட்ட பேசிப் பாக்கணும்.

டிஸ்கி: தாயத்து இன்னும் பையிலதான் இருக்கு. உலகத்தை யாராவது காப்பாத்துங்கப்பா :-)