துறையா, ஆள் பற்றாக்குறையா?

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஏழெட்டு ஆண்டுகள் கழித்த செவிலியர்கள் மேட்ரனிடம் வந்து கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "மேடம், என்னை வேற எங்கயாவது போடுங்க." எங்கே என்று கேட்டால் தெளிவான பதில் வராது. டயாலிசிஸோ, ஓ.டி.யோ, ஓ.பி.யோ, வென்டிலேட்டர் அலாரம் கேட்காத இடமாக இருந்தால் போதும். நியாயமான கோரிக்கை. ஆனால் அதற்குச் சரி என்றோ முடியாது என்றோ சொல்லும் முன், அவரை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது எது என்று யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை. பல சமயம் அவரே தன்னைக் கேட்டுக்கொள்வதில்லை.

பணிச்சோர்வை அளக்க கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் இருவரும் 1981இல் வெளியிட்ட அளவுகோல் மூன்று கூறுகளைப் பார்க்கிறது: மனம் வற்றிப்போவது, எதிரில் இருப்பவர் ஆளாகத் தெரியாமல் படுக்கை எண்ணாகத் தெரியத் தொடங்குவது, செய்கிற வேலையால் எந்தப் பயனும் இல்லை என்று தோன்றுவது. உலக சுகாதார நிறுவனமும் 2019இல் இதை நோயாகக் கொள்ளாமல், பணியிடத்தில் தீராது நீடிக்கும் அழுத்தத்தின் விளைவு என்றே வகைப்படுத்தியது. ஆகவே காரணத்தை முதலில் தேட வேண்டிய இடம் பணியிடம். செவிலியரின் மனஉறுதியைக் குறைசொல்வது எளிது; அதனால் எதுவும் சரியாவதில்லை.

பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களிடம் லிண்டா ஐக்கன் குழுவினர் நடத்திய ஆய்வு 2002இல் வெளியானது. ஒரு செவிலியரின் பொறுப்பில் கூடுதலாக ஒரு நோயாளி சேரும்போது, அவர் பணிச்சோர்வுக்கு ஆளாகும் வாய்ப்பு 23 சதவீதம் கூடியிருந்தது. நோயாளி 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பும் 7 சதவீதம் கூடியிருந்தது. இந்திய நர்சிங் கவுன்சிலின் நெறி, தீவிர சிகிச்சையில் ஒருவருக்கு ஒருவர், கற்பித்தல் மருத்துவமனையின் பொது வார்டில் மூவருக்கு ஒருவர் என்கிறது. இரவில் ஒரு முழு வார்டையும் ஒன்றிரண்டு பேர் தாங்குவதை இந்த இதழின் வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சோர்வின் வேர் அதுவாக இருந்தால், அதே மருத்துவமனையில் அதே ரோஸ்டரின் கீழ் துறை மாறுவதால் மூன்று மாத நிம்மதி கிடைக்கலாம். அதற்கு மேல் கிடைக்காது.

வேறு வகைச் சோர்வும் உண்டு. பிழைக்க வழியில்லை என்று தெரிந்த முதியவருக்கு, வீட்டார் வற்புறுத்தலால் மீண்டும் மீண்டும் மார்பை அழுத்திச் சிகிச்சை தர நேர்வது. சரி எது என்று தெரிந்தும் செய்ய முடியாமல் போகும் இந்த வேதனையை 1984இல் ஆண்ட்ரூ ஜேம்டன் தனியாக அடையாளம் காட்டினார். இந்த வேதனையில் இருக்கும் செவிலியருக்குக் கூடுதலாக இரண்டு பேரைக் கொடுத்தாலும் அது தீராது. இவர் துறை மாறுவது சரியான முடிவு. யாரும் அதைத் தோல்வியாகப் பேசக் கூடாது. மரணத்திலிருந்து விலக வேண்டும் என்று நினைத்தவர், வலி தணிப்புச் சிகிச்சையில் மரணத்தின் அருகிலேயே நிம்மதியாகப் பணியாற்றவும் கூடும். வலியில்லாமல் வைத்திருப்பதே அங்கே வேலை; அதைச் செய்து முடிக்க முடியும்.

போகும் இடத்தையும் அறிந்து போக வேண்டும். டயாலிசிஸ் அமைதியான இடம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. நான்கு மணி நேர சிகிச்சை, வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஆண்டுக்கணக்கில் அதே முகங்கள். மகள் கல்யாணத்தைச் சொல்லிக் கொண்டிருந்தவரின் நாற்காலி ஒருநாள் காலியாகிறது. முகமறியாதவர்களின் மரணத்தைத் தாங்கிப் பழகியவர்களுக்கு இது எதிர்பாராத அடி. ஓ.டி.யில் வீட்டாரின் கண்ணீர் இல்லை. மணிக்கணக்கில் நிற்பதும், பஞ்சும் கருவியும் எண்ணிச் சரிபார்ப்பதும், அறுவை மருத்துவரின் கோபமும் உண்டு.

துறை மாறியவர் மறுபடி தொடக்கநிலையில்தான் நிற்பார் என்று 1984இலேயே எழுதினார் பட்ரீசியா பென்னர். மானிட்டரைப் பார்த்த கணத்தில் நோயாளியின் நிலையை ஊகித்தவர், புதிய துறையில் இளையவரிடம் கேட்டுச் செய்ய வேண்டியிருக்கும். ஏற்கெனவே செய்வதில் பயனில்லை என்று வாடுபவருக்கு இந்த மாதங்கள் மிகக் கடினமானவை. எனவே இரவு டியூட்டி வாரத்தில் முடிவெடுக்காமல், விடுப்பில் ஓய்ந்தபின் யோசிப்பது நல்லது. விடுப்பிலும் தூக்கம் வராமல், வீட்டிலும் எதிலும் மனம் ஒட்டாமல், வாழவே வேண்டாம் என்று தோன்றினால் அது துறை பற்றிய கேள்வியே இல்லை. உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். டெலி மனாஸ் மனநல உதவி எண் 14416.

அரசு மருத்துவமனைகளில் வார்டு மாற்றம் பெரும்பாலும் கண்காணிப்பாளர் எழுதும் ரோஸ்டரில் முடிவாகிறது. விருப்பத்துக்கு அங்கே இடம் குறைவு. அதை எழுதுபவர்களிடம் இவ்விதழ் கேட்பது இவை: மாற விரும்புபவரை நிரந்தரமாக அனுப்பும் முன் சில வாரம் அந்தத் துறையில் பழக விடுங்கள். முதல் மாதங்களில் துணைக்கு ஒரு மூத்தவரைக் கொடுங்கள். ஏன் மாறுகிறார் என்பதை எழுதி வையுங்கள். ஒரே பிரிவிலிருந்து ஓராண்டில் ஐந்து பேர் விலகக் கேட்டால், அந்த ஐந்து காரணங்களையும் ஆள் நியமனக் கோரிக்கையோடு இணைத்து மேலே அனுப்புங்கள்.