தீட்டைச் சொல்லிச் சிரிக்கும் மேடைகள்

"ஜோக்கை ஜோக்கா பாருங்க தோழர்." கல்லூரி மாணவர்களோடு நாங்கள் நடத்தும் பயிலரங்குகளில் இந்த வரியைக் கேட்காமல் திரும்பியதில்லை. விடுதி அறையில் அம்பேத்கர் படம் ஒட்டியிருப்பவர்களும் இதைச் சொல்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறோம்.

2021 மே மாதம் இந்தி நடிகர் ரன்தீப் ஹூடாவின் பழைய வீடியோ ஒன்று பரவியது. 2012-ல் ஒரு மேடையில் மாயாவதியைப் பற்றி அவர் சொன்ன 'ஜோக்'. அதை இங்கே திரும்பச் சொல்லப் போவதில்லை. அதன் சாரம் ஒன்றுதான்: இந்தப் பெண்ணை எந்த ஆண் நெருங்குவான்? அரங்கம் சிரித்தது. கண்டனம் எழுந்ததும், இடம்பெயரும் உயிரினங்களுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் தூதர் பொறுப்பிலிருந்து அவர் நீக்கப்பட்டார். அதே சமயத்தில், பிரபல ஸ்டாண்ட்-அப் கலைஞர் ஒருவர் மாயாவதியின் தோற்றத்தைக் கேலி செய்து 2012-ல் போட்ட ட்வீட்டும் வெளியே வந்தது. அவர் மன்னிப்புக் கேட்டார்.

மாயாவதி நான்கு முறை உத்தரப் பிரதேச முதலமைச்சராக இருந்தவர். கேலி செய்ய அவருடைய அரசியலில் விஷயமா இல்லை? சிலைகள், பிறந்தநாள் விழாக்கள், மாறி மாறி வைத்த கூட்டணிகள் என்று எவ்வளவோ இருக்கின்றன. அதையெல்லாம் விட்டுவிட்டு நேராக உடம்புக்குப் போனார்கள்.

"அது உருவக்கேலிதானே, பாலியல் வன்முறையோடு ஏன் முடிச்சுப் போடுகிறீர்கள்?" என்று கேட்கலாம். முடிச்சை நாங்கள் போடவில்லை. நீதிமன்றங்களே போட்டுக் காட்டியிருக்கின்றன.

ராஜஸ்தானின் பட்டேரி கிராமத்தில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காக, குயவர் சமூகத்தைச் சேர்ந்த பன்வாரி தேவி 1992-ல் கூட்டு வல்லுறவுக்கு ஆளாக்கப்பட்டார். 1995 நவம்பரில் விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை அந்தக் குற்றத்திலிருந்து விடுவித்தது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, மேல்சாதி ஆண்கள் கீழ்சாதிப் பெண்ணைத் தொட்டுத் தங்களைத் தீட்டுப்படுத்திக்கொள்ள மாட்டார்கள் என்பது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 1997 விசாகா வழிகாட்டுதல்கள் இந்தக் கொடுமையின் பின்னணியில் வந்தவைதான்.

அது பழைய கதை என்பவர்களுக்கு இன்னொன்று. கேரளத்தில் எழுத்தாளர் ஒருவர் மீது தலித் பெண் கொடுத்த பாலியல் புகாரில், 2022 ஆகஸ்டில் கோழிக்கோடு செஷன்ஸ் நீதிமன்றம் முன்ஜாமீன் வழங்கியது. அவர் சாதி ஒழிப்புப் பேசுகிறவர், பெண் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்று தெரிந்தே தொட்டிருப்பார் என்பது நம்பும்படி இல்லை என்று அந்த உத்தரவு சொன்னது. அக்டோபரில் கேரள உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

இப்போது மேடைக்குத் திரும்புவோம். "இவளை யார் தொடுவான்?" என்று நடிகர் கேட்டால் ஜோக். "இவளைத் தொட்டிருக்க மாட்டான்" என்று நீதிபதி எழுதினால் உத்தரவு. அடியில் இருக்கும் நம்பிக்கை ஒன்றே. இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். பட்டேரி தீர்ப்பு வந்த அதே 1995-ல், ஜூன் 2-ஆம் தேதி, லக்னோ அரசு விருந்தினர் இல்லத்தில் மாயாவதி இருந்த அறையை ஒரு கும்பல் முற்றுகையிட்டுத் தாக்கியது. அந்தப் பெண்ணைப் பற்றித்தான் 'யார் நெருங்குவான்' என்று சிரித்தார்கள்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில் 2019-ல் மட்டும் பட்டியல் சாதிப் பெண்கள் மீதான வல்லுறவு வழக்குகள் 3,486. நாளொன்றுக்கு ஒன்பதுக்கும் மேல். இது பதிவான கணக்கு. பதிவாகாதவை ஏன் பதிவாகவில்லை என்பது எங்கள் வேலையில் தினமும் தெரியும். புகார் கொடுக்க வந்த ஒரு பெண்ணை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உன்னையா?" என்று கேட்டுப் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்த ஒரு காவலரை நாங்கள் நேரில் பார்த்திருக்கிறோம். அந்தப் பெண் எழுந்து வெளியே வந்துவிட்டார். புகாரை மறுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4-ஆம் பிரிவின்படி குற்றம். சிரிப்புக்குப் பிரிவு எதுவும் இல்லை. ஆனால் அவரைத் திருப்பி அனுப்பியது அந்தச் சிரிப்புதான்.

"அப்படியென்றால் ஸ்டாண்ட்-அப் கலைஞர்களைக் கைது செய்யச் சொல்கிறீர்களா?" இல்லை. சொல்லாத ஜோக்குக்காக முனாவர் ஃபரூக்கி 2021 ஜனவரியில் இந்தூரில் கைதாகி ஒரு மாதத்துக்கு மேல் சிறையில் இருந்தார். மும்பையில் கட்டவிருந்த சிவாஜி சிலையைப் பற்றிப் பேசியதற்காக அக்ரிமா ஜோஷுவா என்ற பெண் கலைஞருக்கு 2020-ல் வல்லுறவு மிரட்டல்கள் வந்தன. கருத்துரிமைக்காகக் கொதிப்பவர்கள் இதையும் கவனிக்க வேண்டும்: ஆணின் ஜோக் பிடிக்காவிட்டால் வழக்கு, பெண்ணின் ஜோக் பிடிக்காவிட்டால் வல்லுறவு மிரட்டல். போலீஸ் கையில் தடியைக் கொடுத்தால் அது முதலில் நம் மேல்தான் விழும். நாம் கேட்பது தடை இல்லை, பொறுப்பு.

பாலியல் வன்முறையைப் பற்றி மேடையில் பேசவே கூடாது என்றும் சொல்லவில்லை. ஹன்னா காட்ஸ்பி 2018-ல் 'நானெட்' நிகழ்ச்சியில் தன் மீது நடந்த தாக்குதலைப் பேசினார். சிரிக்க வைப்பதற்காக அந்தச் சம்பவத்தின் பாதியை மறைத்தே இதுவரை சொல்லி வந்ததை அவரே உடைத்தார். நம் ஊரில் 'ப்ளூ மெட்டீரியல்' குழுவின் தலித் கலைஞர்கள் சாதியைப் பற்றியே ஜோக் சொல்கிறார்கள். அங்கே அடிவாங்குவது சாதி, அதைச் சுமந்தவர்கள் இல்லை. அளவுகோல் இதுதான்: யார் சிரிப்புக்கு ஆளாகிறார்? வன்முறை செய்தவனா, புகாரை வாங்காத காவலரா, தீட்டுப் பார்த்த நீதிபதியா? அப்படியென்றால் நாங்களும் கைதட்டுவோம். பாதிக்கப்பட்டவள்தான் என்றால் அது அவளைத் திரும்பவும் தாக்குவது.

மாணவத் தோழர்களே, உங்கள் கல்லூரிக் கலைவிழாவிலும் விடுதி வாட்ஸ்அப் குழுவிலும் இப்படியொரு ஜோக் வரும். பெரிய உரை தேவையில்லை. சிரிக்காதீர்கள். "எனக்குப் புரியல, இதுல எது சிரிப்பு? விளக்கு" என்று மட்டும் கேளுங்கள். விளக்கத் தொடங்கினால் சாதியைச் சொல்லாமல் முடிக்க முடியாது. அதற்குள் அந்த அறையில் இருக்கும் ஒரு பெண்ணாவது, தான் தனியாக இல்லை என்று தெரிந்துகொண்டிருப்பார்.

ஜெய்பீம்.