திறப்பு விழாவும் திருத்த வேலையும்

நம் ஊர்களில் எதற்கும் திறப்பு விழா உண்டு. தெருவிளக்கு நட்டால் மாலை மரியாதை. வடிகால் கட்டினாற் பெயர் பொறித்த கல். அவ்விளக்கு அவிந்த இரவிலும், வடிகாலின் மூடி உடைந்த மாரியிலும் அங்கே வந்து நிற்பார் ஒருவரும் இலர். வீட்டினுள்ளும் இதே கதைதான். குழாயின் வாசர் தேய்ந்து நீர் சொட்டும். அதன் கீழே ஒரு வாளியை வைத்து, நிறைந்தால் ஊற்றுவதற்கு முறையும் வகுத்துக்கொள்வார்களேயன்றி, சிறு காசு பெறும் புதிய வாசர் ஒன்றை வாங்கி இடமாட்டார்கள். பம்பி இரைச்சலிட்டால் வானொலியைச் சற்று உரக்க வைப்பாரையும் யான் அறிவேன்!

வீட்டளவில் இது வெறுந் தொல்லை. ஊரளவில் இஃது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குப் பள்ளக்காடு சான்று. கல்முனை, காரைதீவு, நிந்தவூர் முதலாய கரையோர ஊர்களின் குப்பை சென்று சேர்ந்த இடம் அது. எமது பெரியநீலாவணையும் கல்முனை மாநகர எல்லைக்குட்பட்டதாகலின், அக்குவியலில் எமக்கும் பங்குண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 2008இல் அவ்விடம் அமைக்கப்பெற்றது. யானை புகாதவாறு மின்வேலியும் இருந்தது. 2014இல் அவ்வேலியை மின்னல் தாக்கிற்று. தாக்கியது இயற்கை, அதன் பின்னர் ஆண்டுக்கணக்காக அதனைத் திருத்தாது விட்டது இயற்கையன்று. 2022 ஜனவரியில் மேலும் இரண்டு யானைகள் அங்கே இறந்து கிடந்தபோது, முந்திய எட்டாண்டுகளில் ஏறத்தாழ இருபது யானைகள் அங்ஙனம் மாண்டமை செய்தியாயிற்று. பிரேத பரிசோதனையில் அவற்றின் வயிற்றிற் காணப்பட்டவை பொலித்தீனும் உணவு சுற்றிய தாள்களுமே. யானைக்குரிய இரை அங்கே இல்லை.

‘வேலியைத் திருத்துவது அதிகாரிகளின் கடன்’ என்பர். உண்மையே, அக்கடனிலிருந்து அவர்களை விடுவிக்க யான் எழுதவில்லை. ஆயின், யானை பொலித்தீனை விரும்பி உண்பதில்லை. அதனுட் கிடக்கும் சோற்றையும் கறியையும் மணந்தே பையோடு விழுங்குகிறது. எச்சிலையும் பையையும் ஒன்றாக்கி முடிச்சிட்ட கை எவருடையது? மெல்லிய பொலித்தீனை அரசு 2017 செப்டெம்பரில் தடைசெய்தது. எந்தச் சட்டமும் அடுக்களையினுள் வந்து முடிச்சை அவிழ்க்காது.

‘முன்னோர் எல்லாவற்றையும் பேணினர்’ என்று புகழும் வழக்கம் எனக்கு உடன்பாடன்று. கிடுகு வேலி விரைவில் உக்கிவிடும். ஆதலால் மீளவும் மீளவும் அடைத்தனர். அது பண்பு என்பதினும் கட்டாயம் என்பதே பொருந்தும். சீமெந்து மதில் வந்தது, கட்டாயம் போயிற்று, அதனோடு பழக்கமும் போயிற்று. கட்டாயம் நீங்காத இடங்களில் பழக்கமும் நீங்கவில்லை. அயலூராகிய மருதமுனையில் நெசவாளர் இழை அறுந்தால் தறியை நிறுத்திப் பிணைத்த பின்னரே நாடாவை ஓடவிடுவார்; அறுந்த இழையோடு நெய்தாற் சேலை விலைபோகாது. வயல்களில், நீர் திறக்குமுன் அவரவர் பங்கு வாய்க்காலை அவரவர் துப்புரவு செய்வர். வட்டைவிதானை வந்து பார்ப்பார். பங்கு இன்னாருடையது என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். நம் ஒழுங்கை வடிகாலில் அது தெரியாது. அடுத்த வளவார் அடைத்தாரென்று அவரும், இவர் அடைத்தாரென்று அடுத்தவரும் மாரி முழுதும் வாதிட்டுக்கொண்டிருக்க, நுளம்பு இருவரையும் பேதமின்றிக் கடிக்கும்.

ஆகவே வாய்க்காற் பங்கை வடிகாலுக்கும் வகுக்கலாம் என்பது என் கருத்து. ஒழுங்கைக்கு ஒருவரை ஆண்டுமுறையில் அமர்த்தினால் அவர் அதற்கு வட்டைவிதானையாவார். இனி நாட்டும் கல்லில், திறந்து வைப்பவர் பெயரோடு பழுதுபார்க்கும் பொறுப்பாளர் பெயரையும் பொறிக்க வேண்டும். அந்த இரண்டாவது பெயருக்கு முன்வருவோர் சிலரே இருப்பர். அதனாற் கல்லில் இடம் எஞ்சும். திருத்திய நாள்களை அங்கே எழுதிவரலாம்.