‘ரொம்ப சுலபம்’ என்று இனிச் சொல்ல மாட்டேன்



போன வாரம் நான் பேஸ் கிதாரோடு உட்கார்ந்திருந்த படத்தை மருமகள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். அன்றிலிருந்து போன் ஓயவில்லை. "சார், இது எப்போதிலிருந்து?" என்று பழைய மாணவர்கள். "இந்த வயசுல இது தேவையா அத்தான்?" என்று உறவினர்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் சொல்லி முடியவில்லை. அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். என் வகுப்பில் 45 நிமிடம் பொறுமையாக உட்கார்ந்தவர்கள், இதையும் பொறுத்துக்கொள்வீர்கள்.

இளைய மகன் கல்லூரி நாட்களில் வாங்கிய கருவி அது. வேலை கிடைத்துப் பெங்களூரு போனபோது பீரோ மேல் வைத்துவிட்டுப் போனான். தூசி தட்டும்போதெல்லாம் ஒரு கம்பி 'டும்' என்று ஒலிக்கும். இளையராஜா பாடல்களில் குரலுக்கு அடியில் தனிப்பாட்டுப் போல ஒன்று ஓடிக்கொண்டிருக்குமே, அந்தச் சத்தம். 67 வயதில் ஆசை வந்துவிட்டது. பக்கத்துத் தெருவில் இசை சொல்லிக்கொடுக்கும் பெண்ணிடம் சேர்ந்துவிட்டேன். அவருக்கு 24 வயது. ஐந்து மாதம் ஆகிறது.

சேர்ந்த அன்று எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். "நாலே நாலு கம்பிதானே மச்சான், ஆறு கம்பி கிதாரைவிட இது ரொம்ப சுலபம்" என்றார் மைத்துனர். யூடியூபைத் திறந்தாலும் அதே பேச்சு. நானும் நம்பினேன். கணக்கு வாத்தியார் இல்லையா, ஆறைவிட நான்கு சிறியது!

உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. வழக்கமான பேஸ் கிதாரில் கம்பியின் அதிரும் நீளம் 34 அங்குலம். வீணையில் மெட்டு என்போமே, அதுபோன்ற உலோகப் பட்டைகள் இதில் உண்டு, ஃப்ரெட் என்கிறார்கள். முதல் ஃப்ரெட் வரைக்குமே ஏறக்குறைய 2 அங்குலம். முதல் நான்கு கட்டங்களும் சேர்ந்து 7 அங்குலம். அதை நான்கு விரலால் அளக்க வேண்டும். சுண்டுவிரல் என் பேச்சைக் கேட்பதில்லை. கம்பியோ நல்ல தடிமன். ஃப்ரெட்டை ஒட்டி அதற்குச் சற்றுப் பின்னால் அழுத்தாவிட்டால் 'கொரகொர' என்று இரையும். ஒரு கம்பியைத் தட்டினால் பக்கத்துக் கம்பி தானாக முனகும். அதை வேறொரு விரலால் அடக்க வேண்டும். இத்தனைக்கும் நடுவில் மெட்ரோனோம் நிமிடத்துக்கு 60 தட்டு தட்டிக்கொண்டிருக்கும். முதல் மாதம் விரல் நுனியெல்லாம் கொப்புளம்.

இதன் கணக்கு எனக்கு நன்றாகத் தெரியும் என்பதுதான் வேடிக்கை. கம்பியைச் சரிபாதி நீளத்தில், 12-வது ஃப்ரெட்டில் அழுத்தினால் அதிர்வு இரட்டிப்பாகும். ஒவ்வொரு ஃப்ரெட்டும் ஒரே விகிதத்தில் குறைந்துகொண்டே போகும் பெருக்குத் தொடர்வரிசை. கரும்பலகை கொடுத்தால் அரை மணி நேரம் விளக்குவேன். ஆனால் மூன்றாவது ஃப்ரெட்டிலிருந்து ஐந்தாவதுக்கு விரல் போகவில்லை. தெரிவது வேறு, வருவது வேறு.

ஒருநாள் ஒரே இடத்தில் இருபது தடவை தவறினேன். வெட்கமாக இருந்தது. நெற்றி வியர்த்துவிட்டது. அந்தப் பெண் சொன்னார்: "சார், இது கஷ்டமான இடம்தான். எனக்கு இது வர மூணு வாரம் ஆச்சு. இப்போ ரெண்டு நோட்டு மட்டும் வாசிங்க, போதும்."

வீட்டுக்கு நடந்து வரும்போது 1996-இல் ஒன்பதாம் வகுப்பில் இருந்த ஒரு பையன் ஞாபகத்துக்கு வந்தான். காரணிப்படுத்துதல் நடத்திக்கொண்டிருந்தேன். எழுந்து சந்தேகம் கேட்டான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இது ரொம்ப சுலபம்டா, இதுகூடவா வரல?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த ஆண்டு முழுவதும் அவன் என்னிடம் இன்னொரு சந்தேகம் கேட்கவில்லை. பையனுக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். 34 ஆண்டு சர்வீஸில் இப்படி எத்தனை பேரை வாயடைக்க வைத்தேனோ!

அதனால் இன்று உறுதியாகச் சொல்கிறேன். புதிதாகக் கற்பவரிடம் சொல்லக்கூடாத வார்த்தை 'சுலபம்'. யோசித்துப் பாருங்கள். சுலபம் என்று சொன்னதை அவன் செய்துவிட்டால் அதில் பெருமை இல்லை. செய்ய முடியாவிட்டால் அவன் மக்கு. இரண்டு பக்கமும் நஷ்டக் கணக்கு.

'தைரியம் கொடுக்கத்தானே அப்படிச் சொல்கிறோம்' என்பீர்கள். நானும் நல்லெண்ணத்தில்தான் சொன்னேன். ஆனால் சுலபம் என்பது பாடத்தின் குணமில்லை. ஏற்கெனவே தெரிந்தவருடைய அனுபவம். 1951-இல் லியோ ஃபெண்டர் தன் பேஸ் கிதாரைக் கொண்டுவந்தபோது, ஆளுயர டபுள் பேஸைத் தூக்கிச் சுமந்தவர்களுக்கு அது பெரிய விடுதலை. அந்தப் பெரிய கருவியில் ஃப்ரெட் கிடையாது. இதில் விரல் வைத்த இடத்தில் சுருதி பிசகாது. அவர்களுக்கு அது சுலபம், நியாயம்தான். எனக்கு அது எப்படிச் சுலபமாகும்?

கண்டிப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. என் ஆசிரியை மகா கண்டிப்பு. தாளம் தப்பினால் முதலிலிருந்து வாசிக்கச் சொல்வார். வயதுக்குச் சலுகை கிடையாது. ஆனால் கஷ்டத்தைக் கஷ்டம் என்று ஒப்புக்கொண்டு, அதை நான் தாண்டும் அளவுக்குத் துண்டு போட்டுத் தருகிறார். நான் 34 ஆண்டில் கற்காத பாடத்தை 24 வயதுப் பெண் கற்றுக்கொடுத்தார்.

உங்களில் ஆசிரியராக இருப்பவர்கள் நிறையப் பேர். அப்பா அம்மாவாக இருப்பவர்கள் அதைவிட அதிகம். இன்று இரவு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்கும்போது 'இது ஈஸிதானே' என்று நாக்கு நுனிக்கு வரும். விழுங்கிவிடுங்கள். 'எனக்கும் முதல்ல வரல' என்று சொல்லிப் பாருங்கள். முடிந்தால் நீங்களும் தெரியாத ஒன்றைக் கற்கத் தொடங்குங்கள். நீச்சலோ, தையலோ, எதுவாக இருந்தாலும் சரி. தெரியாமல் முழிப்பது எப்படி இருக்கும் என்பது மறந்துபோனால் பாடம் நடத்த முடியாது.

அந்த ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு ஒரு வார்த்தை. பெயர் போட மாட்டேன். உனக்கு இப்போது 45 வயதை நெருங்கியிருக்கும். இந்தப் பதிவு உன் கண்ணில் படுமா தெரியாது. பட்டால், அந்தக் கணக்கு கஷ்டமானதுதான் ஐயா. நீ கேட்டது சரி, நான் சொன்னதுதான் தப்பு. மன்னித்துக்கொள்.

மற்றவர்களுக்கு: கச்சேரி எப்போது என்று கேட்காதீர்கள். இப்போதைக்கு ஒரே ஒரு பாட்டின் முதல் எட்டு தாளம் வருகிறது, அதுவும் மெதுவாக. வீட்டுக்கு வந்தால் வாசித்துக் காட்டுகிறேன். சிரிக்கலாம், தப்பில்லை. 'சுலபம்தானே சார்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்